சூடேறியபின் நின்றுபோகும் மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளுக்கு நேரும் குறைகள் பலவற்றுள்ளும் கண்டறிதற்கு அரியது, குளிர்ந்திருக்கும்பொழுது செவ்வனே ஓடிய எஞ்சின் சூடேறியபின் நின்றுபோதலாகும். அடியோடு ஓடாத வண்டியின் குறை எப்பொழுதும் நம் கண்முன் நிற்கும். அதனைத் தேடிக் காண்பதற்குக் காலமும் உண்டு. இதுவோ அத்தகையதன்று. நடுவழியில் நின்று, உடையவனை வியர்வை சொட்ட உதைக்கவைத்துக் களைப்புறச் செய்து, அவன் அதனைத் தள்ளிக்கொண்டு பட்டறை சேர்வதற்குள் ஆறிப்போய், மிஸ்திரியின் முன்னிலையில் ஒரே உதைக்கு எழுந்து, யாதொரு குற்றமும் அறியாததுபோல ஓடிக் காட்டும். மிஸ்திரி நகைப்பர், உடையவன் நாணுவன், குறையோ உள்ளேயே இருக்கும்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு எஞ்சினோடு யாது தொடர்பு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். விடுதிக் கொட்டகையில் நிற்கும் பழைய புல்லட் வண்டிகளை உதைத்துக் களைத்தவர் அவ்வாறு வினவார். மேலும், இக்குறையைத் தேடும் முறை, மணிமேகலையின் பிற்பகுதியிலும் ஏனை அளவை நூல்களிலும் நாம் பயிலும் முறையினின்று பெரிதும் வேறுபட்டதன்று. புகையைக் கண்டு நெருப்பை உணர்தலும், இஃதன்று இஃதன்று என ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சியதனைத் துணிதலும் ஆண்டும் உண்டு, ஈண்டும் உண்டு. முன்னையதைக் கருதல் என்றும், பின்னையதை ஒழிவு என்றும் அளவை நூலார் கூறுவர். வேற்றுமை ஒன்றே: வகுப்பில் பிழைபடத் துணிந்தால் மதிப்பெண் குறையும், சாலையில் பிழைபடத் துணிந்தால் கைப்பொருள் குறையும், ஒரோவழி உயிருக்கும் இடையூறு நேரும்.

எல்லா எஞ்சினுக்கும் பொதுவாகக் கூறின் தெளிவு பிறவாதாதலின், ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வாம். அது பழைய 350 சி.சி. என்ஃபீல்டு புல்லட். 1955 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனியை நிறுவினர். சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூரில், முதலில் ஆங்கில நாட்டிலிருந்து வந்த உறுப்புக்களைப் பூட்டியும், பின்னர் அவ்வுறுப்புக்களைத் தாமே செய்தும் இவ்வண்டியை உருவாக்கலாயினர். இதற்கு ஒற்றைச் சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆயது. அதன் தலையும் பிஸ்டனும் அலுமினியக் கலவையால் ஆயவை. எதிரே வீசும் காற்றே இதனைக் குளிர்விப்பது. இவ்வார்ப்பிரும்பு எஞ்சின் இன்று செய்யப்படுவதில்லை. எனினும் நம் நாட்டுச் சாலைகளில் அதன் ஒலி இன்னும் அடங்கியபாடில்லை.

எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய 4இல் ஒரு பங்கே இத்தகைய எஞ்சினில் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதெல்லாம் புகைக்குழாய் வழியாகவும், சிலிண்டரைச் சூழ்ந்துள்ள செதில் போன்ற தகடுகள் வழியாகவும் வீணே வெளியேறுகின்றது. ஆதலின் எஞ்சின் சூடேறுதல் இயல்பேயன்றி நோயன்று. ஆயின், சூடானது எல்லாப் பொருளையும் ஒரே தன்மையாக மாற்றுவதில்லை என்பது கருதத்தக்கது. 100 பாகை வெப்பம் உயருமாயின், 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியம் ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர் விரியும். அவ்வளவினதாகிய வார்ப்பிரும்போ அதிற் பாதியே விரியும். பிஸ்டன் சிலிண்டரினும் மிகுதியாகச் சூடேறுவது வேறு. செம்புக் கம்பியில் மின்சாரத்திற்கு உள்ள தடை அதே 100 பாகைக்கு 10இல் 4 பங்கு ஏறிவிடும். பெட்ரோலின் இலேசான பகுதிகளோ 40 பாகைக்கு உள்ளாகவே கொதிக்கத் தொடங்கும். சித்திரை வைகாசி வெயிலில் அவ்வெப்பத்திற்கு எஞ்சினும் வேண்டா, சாலையோரக் காற்றே போதும். இவ்வாறு, குளிர்ந்த நிலையில் ஒன்றோடொன்று இணங்கி நின்ற உறுப்புக்கள் சூடேறியவழி வெவ்வேறு போக்கில் விலகுகின்றன. நலமாயுள்ள எஞ்சின் இவ்விலக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். குறையுடையது பொறாது நின்றுவிடும்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், சூடு என்பது பெரும்பாலும் குறையை வெளிப்படுத்தும் நிமித்தமேயன்றிக் குறையின் காரணமன்று என்பதாம். இதனை அறியாதார் எஞ்சினைக் குளிர்விப்பதிலேயே கருத்தூன்றுவர். ஈரத்துணியைப் போர்த்துவாரும் உளர். காய்ந்த சிலிண்டரின்மேல் தண்ணீரை வாரி ஊற்றுவாரும் உளர். பின்னவர் செயல் வார்ப்பிரும்பு விரிசல் விடுதற்கு ஏதுவாகும். அவ்வாறு விரியாதொழியினும், குளிர்வித்தலால் குறை மறையுமேயன்றி நீங்காது. வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடமே குறை தன் உருவோடு நம்முன் நிற்கும் காலம். அக்காலத்தை மரநிழலில் அமர்ந்து கழித்தவன் அன்றைய சான்றை இழந்தவனாகின்றான்.

இனி, சூடு முழுதும் குற்றமற்றதாகவும் பழியைச் சுமப்பதும் உண்டு. எங்கள் ஊரில் பால் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவரிடம் பழைய புல்லட் ஒன்று உள்ளது. இரு புறமும் பாற்கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு விடியற்காலையில் புறப்படுவார். ஒரு காலத்தில் அவ்வண்டி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதும் நின்றுபோகலாயிற்று. கால்மணி நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் ஓடும். சூடுதான் காரணம் என்று யாவரும் ஒரு முகமாகக் கூறினர். பட்டறைக்காரர் ஒருவர் சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போடவேண்டும் என்றார், போட்டனர். வண்டி அதே தொலைவில் நின்றது. பின்னர்க் கார்புரேட்டரை மாற்றினர். அப்பொழுதும் நின்றது. பால் திரிந்துபோன நாட்களின் இழப்பு ஒரு புறம், பட்டறைச் செலவு மறுபுறமாக, அவர் ஒரு கறவை மாட்டை விற்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

இறுதியில் உண்மையைக் கண்டவன் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் சிறுவன். டேங்கின் மூடியைத் திறந்தபொழுது உள்ளே காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டதைக் கண்டு, "தாத்தா, மூடி மூச்சு விடவில்லையே" என்றான். பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்குவது தன் எடையினால் மாத்திரமே. இறங்கிய பெட்ரோலின் இடத்தை நிரப்பக் காற்று உட்புகவேண்டும். அதற்காகவே மூடியில் ஊசிமுனையளவு துளை வைத்திருப்பர். அவ்வண்டியின் டேங்கிற்கும் மூடிக்கும் சில மாதங்களுக்கு முன் புது வர்ணம் பூசியிருந்தனர். வர்ணம் துளையை அடைத்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் மிகுந்து, இறங்கும் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திற்று. கால்மணி நேரத்தில் மூடியின் ஓரமாகக் காற்றுச் சிறிது சிறிதாகக் கசிந்து உட்புக, மீண்டும் பெட்ரோல் இறங்கிற்று. அதனை எஞ்சின் ஆறியதன் பயன் என்று அனைவரும் கொண்டனர்! ஒரு குண்டூசியால் தீர்ந்தது அந்நோய்.

இந்நிகழ்ச்சியில் யாவரும் கவனியாது விட்ட சான்று ஒன்று உண்டு. டேங்கை நிரப்பிய நாளில் வண்டி விரைவில் நின்றது. பாதி நிரம்பியிருந்த நாளில் சற்றுத் தொலைவு மிகுதியாக ஓடிற்று. நிறைந்த டேங்கில் காற்று இருக்கும் இடம் சிறிது. ஆகவே சிறிதளவு பெட்ரோல் குறைந்தாலும் அங்கே வெற்றிடம் விரைந்து மிகும். சூடு காரணமாயின் டேங்கின் நிறைவும் குறைவும் ஒன்றையும் மாற்றியிரா. எத்தனை கிலோமீட்டரில் நின்றது, டேங்கில் எவ்வளவு இருந்தது, வெயிலோ மழையோ என்று பத்து நாள் குறித்து வைத்திருப்பாராயின், மாட்டுக்கு விலை பேசியிரார்.

நிற்க. வண்டி நின்றது என்று கூறுதல் போதாது. எவ்வாறு நின்றது என்பதே முதலில் உசாவத்தக்கது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், விளக்கை ஊதி அணைத்தாற்போல ஒரு நொடியில் ஒலி அற்று நிற்குமாயின், குற்றம் பெரும்பாலும் மின்சாரப் பகுதியைச் சார்ந்தது. மூச்சிரைப்பவன்போல ஓரிரு முறை தடுமாறி, திராட்டிலைத் திருகத் திருக மேலும் சோர்ந்து, பின் நிற்குமாயின், பெட்ரோல் வரத்தில் குறை என்று கருதலாம். பின்னிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல வேகம் தளர்ந்து, ஒலி இறுகி நிற்குமாயின், அது இரும்பைச் சார்ந்தது; மூன்றினும் கொடியது. ஓடும்போது ஒன்றும் நேராது, தேநீர்க் கடையில் ஐந்து நிமிடம் நிறுத்தியபின் மட்டும் உதைக்கு எழாத வண்டி வேறொரு வகை. காற்று வீச்சு நின்றவுடன் சிலிண்டரின் வெப்பம் கார்புரேட்டருக்கு ஏறி, அதிலுள்ள பெட்ரோலைக் கொதிக்கவைப்பதால் நேர்வது அது. திராட்டிலை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டு சோக்கைத் தொடாமல் உதைத்தால் பெரும்பாலும் எழும். இவ்வகையை முன்னைய மூன்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது மிஸ்திரிமாரிடத்தும் காணப்படும் வழு.

மூன்றினும் கொடியதை முதலிற் சொல்லி முடிப்பாம். பிஸ்டன் அளவுக்கு மேல் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளுதலை நம் பட்டறைகளில் சீஸ் ஆதல் என்பர். ஓட்டத்தில் அது நேரின் பின் சக்கரம் சுழலாது பூட்டிக்கொள்ளும். பின்னே லாரி வருமாயின் நிலை சொல்லவேண்டுவதின்று. ஒலி இறுகி வேகம் தளர்வதை உணர்ந்த கணமே கிளட்சைப் பிடித்து, வண்டியை ஓரத்திற்கு உருள விடவேண்டும். அவ்வண்டியை உடனே உதைத்தல் கூடாது. நன்கு ஆறவிட்டு, ஆயில் உள்ளதா, அது திரும்பி வருகின்றதா என்று பார்த்தபின்னரே தொடுதல் வேண்டும். குளிர்விப்பதே சரியான செயலாகும் இடம் இஃதொன்றே. சிலிண்டரைப் புதிதாகக் கடைந்த வண்டியைப் பொறுமையின்றி விரைந்து ஓட்டுவதாலும் இது நேரும். பால் வியாபாரப் பெரியவருக்கு இத்துன்பமும் கூடாமற்போனது அவர் நற்பேறு.

இனி, மின்சாரப் பகுதி. பழைய புல்லட்டில் பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சாவியைக் கடந்து காயிலுக்குச் செல்கின்றது. காயிலிலிருந்து பிளாட்டினம் பாயிண்டு எனப்படும் இரு முனைகளின் வழியாக வண்டியின் உடலைச் சேர்கின்றது. எஞ்சின் சுழல்கையில் அம்முனைகள் உரிய நேரத்தில் பிரியும். பிரிந்த கணத்தில் காயிலில் மிக்க அழுத்தமுள்ள மின்சாரம் எழுந்து, பிளக்கில் பொறியாகத் தாவும். முனைகள் பிரியும்போது அவற்றினிடையே வீண்பொறி எழாவண்ணம் காப்பது கண்டன்சர் என்னும் சிறு குப்பி. சூட்டில் நின்றுபோகும் பழைய வண்டிகளில், விரலளவே ஆன இக்குப்பியே குற்றவாளியாக இருத்தல் பலமுறை கண்டதாகும். அதனுள்ளே சுருட்டி வைத்த மெல்லிய ஏடுகளின் காப்பு, வெப்பத்தில் தளர்ந்து மின்சாரத்தைக் கசியவிடும். ஆறியபின் தளர்ச்சி நீங்கும். காயிலும் அத்தகையதே. மயிரிழை போன்ற கம்பியில் எங்கேனும் ஒரு முறிவு இருக்குமாயின், குளிரில் ஒட்டி நின்று சூட்டில் விலகும். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தபடியே விட்டுச் செல்லும் வழக்கத்தால் காயில் வெந்து கெடுவதும் உண்டு.

இவற்றை அறிதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. பணப்பையில் ஒரு புதிய பிளக்கு இருத்தல் போதும். வண்டி நின்றவுடன், எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்ற முயலாமல், அதன் தொப்பியை மாத்திரம் எடுத்துப் புதுப் பிளக்கில் மாட்டி, அதன் உடலைச் சிலிண்டர்த் தகட்டின்மேல் அழுந்த வைத்துக்கொண்டு உதைக்கவேண்டும். தொப்பியின் ரப்பரை மட்டும் பற்றுதல் நலம். உலோகத்தைப் பற்றியவர் ஒரு முறைக்குமேல் பற்றார். சூடான அலுமினியத் தலையிலிருந்து பிளக்கைத் திருகினால் மரை அறுந்துபோகும். மேலும் திறந்த துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியில் பொறி பற்றவும் கூடும். ஆகவேதான் புதிய பிளக்கு வேண்டும் என்றது. நீலநிறமாக, சடசட என்னும் ஓசையோடு பொறி எழுமாயின் காயிலும் கண்டன்சரும் குற்றமற்றவை. ஐயம் எஞ்சினில் உள்ள பிளக்கின்மேலோ பெட்ரோலின்மேலோ செல்லும். மஞ்சளாக, மெலிந்து எழுமாயின், அல்லது எழாதேபோயின், பிளக்கையும் பெட்ரோலையும் விட்டு மின்சார வழியைத் தொடர்ந்து செல்லலாம்.

அவ்வாறு தொடர்தற்குப் புல்லட்டில் ஒரு நல்ல துணை உண்டு. விளக்குக் கூட்டின்மேல் பதித்துள்ள அம்மீட்டரைப் பலர் அணிகலனாகவே கருதுகின்றனர். சாவியைத் திறந்து, டிகம்ப்ரஸர் பிடியை இழுத்துக்கொண்டு, உதைகோலைக் கையால் மெல்ல அழுத்தி எஞ்சினைச் சுழற்றுக. முனைகள் சேர்ந்திருக்கும்பொழுது முள் செலவுப் பக்கம் சாயும். பிரியும்பொழுது நடுவுக்கு மீளும். முள் எந்நிலையிலும் அசையாதாயின், மின்சாரம் காயில்வரை வரவில்லை, அல்லது முனைகள் அழுக்கேறிச் சேரவில்லை. சாய்ந்த முள் மீளவே மீளாதாயின், முனைகள் பிரியவில்லை, அல்லது கண்டன்சர் உள்ளே ஒட்டிக்கொண்டது. ஒழுங்காகச் சாய்ந்து மீண்டும் பிளக்கில் பொறி மெலிந்திருக்குமாயின், கண்டன்சர், காயில் என்னும் இரண்டே எஞ்சுகின்றன. முனைகளின் மூடியைத் திறந்து வைத்து உதைக்கச் செய்து பார்த்தால், முனைகளினிடையே பெரிய பொறி பளிச்சிடுவது கண்டன்சர் மாண்டதைக் காட்டும். வேறொரு நல்ல கண்டன்சரை மாற்றிப் பொருத்தியும் பொறி வலுப்பெறாதாயின், எஞ்சியது காயில் ஒன்றே. ஒழிவு என்னும் அளவை இவ்வளவு தூய்மையாக விளங்கும் இடத்தை யான் பாடப்புத்தகத்திலும் கண்டிலேன்.

முனைகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். நாட்பட முனைகளைத் தூக்கும் குதி தேயத் தேய இவ்விடைவெளி சுருங்கும்; சுருங்கவே பொறி எழும் நேரம் பிந்தும்; பிந்திய பொறியால் எஞ்சின் மிகுதியாகக் காயும். ஆகவே சில வண்டிகளில் சூடு நிமித்தமாகவும் விளைவாகவும் ஒருங்கே நிற்கும்.

பெட்ரோலைச் சார்ந்த குறைகளுள் மூடித்துளையைப் பற்றி முன்னரே கூறினாம். வண்டி நின்றவுடன் முதற்செயலாக மூடியைத் திறந்து காதைக் கொடுத்தல் எளிது. அருகில் பீடி சுருட்டு இல்லாமல் பார்த்துக்கொள்ளுதல் மட்டும் வேண்டும். பின்னர், கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு சிறு புட்டியில் பெட்ரோலை விட்டுப் பார்க்கலாம். கம்பியாக விழுமாயின் வரத்து நன்று; துளித்துளியாக விழுமாயின் குழாய்வாயில் உள்ள வலையில் துரு அடைத்துள்ளது, அல்லது குழாய் எஞ்சினை ஒட்டிச் சென்று பெட்ரோல் ஆவியாகின்றது. பெட்ரோல் சூடான புகைக்குழாயில் சிந்தாதிருக்கச் செய்தல் இன்றியமையாதது. கார்புரேட்டருக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையே வெப்பந்தடுக்கும் தடித்த அட்டை ஒன்று இருக்கும். ஒரு முறை கழற்றிப் பூட்டியவர் அதனை வேண்டாததெனத் தூக்கி எறிந்துவிடுதல் உண்டு. அவ்விணைப்பில் காற்றுக் கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் காயும். அவ்வண்டியின் பிளக்கைக் கழற்றின் முனை வெளுத்திருக்கும். நலமாயுள்ள வண்டியில் காப்பிப்பொடி நிறமாகவும், பெட்ரோல் மிகுந்த வண்டியில் கரி படிந்தும் இருக்கும்.

பழைய வண்டி வைத்திருப்போர் அறியவேண்டிய புதுமை ஒன்றும் இதனோடு சார்ந்தது. 2023 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் 100க்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகின்றது. எத்தனால் தன்னகத்தே பிராணவாயுவை உடையதாதலின், அது எரிவதற்கு வேண்டும் காற்றுக் குறைவு. பழைய கார்புரேட்டருக்கு அஃது எவ்வாறு தெரியும்? முன்போலவே காற்றை அளந்து விடும்; கலவை சற்று மெலியும்; முன்னரே விளிம்பில் நின்ற எஞ்சின் மேலும் காயும். பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதனால் உப்பிக் கெடுவதும் உண்டு. கார்புரேட்டரின் ஊசியை ஒரு படி உயர்த்தி வைத்தல் இதற்குத் தக்கது.

டாப்பெட்டைக் குறித்து ஒரு சொல். வால்வைத் தூக்கும் கோல்களுக்கும் வால்வுக்கும் இடையே இறுக்கம் இருக்குமாயின், சூடேறியபின் வால்வு தன் இருக்கையில் முழுதும் அமராது. அமுக்கம் கசிந்து எஞ்சின் சோரும். நின்றவுடன் உதைகோலை மெல்ல அழுத்திப் பார்த்து, காலையில் இருந்த எதிர்ப்பு இப்பொழுது இல்லையாயின் இதனை ஐயுறலாம். பழைய புல்லட்டில் இதனைச் சரிசெய்தற்கு அளவுத் தகடும் வேண்டா. எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியில் நிற்க, பக்க மூடியைத் திறந்து கோல்களை விரலால் திருகுக. தடையின்றிச் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆடுதல் கூடாது. அவ்வளவே. சூட்டோடு சூடாக இதனைத் திருத்த முற்படுவார் மறுநாள் காலையில் வேறொரு குறையோடு பட்டறைக்கு வருவர்.

இத்துணையும் கூறியவற்றுள் மறக்கலாகாதது ஒன்று. ஒரே வேளையில் இரண்டை மாற்றுதல் கூடாது. மூடியையும் திறந்து, பிளக்கையும் மாற்றி, பத்து நிமிடமும் காத்திருந்து, பின் வண்டி எழுந்ததாயின், மூன்றனுள் எது நோய்க்கு மருந்தாயிற்று என்று யாரால் கூற முடியும்? வண்டி வீடு சேரும்; அறிவு சேராது; மறுநாளும் அதே புளியமரத்தடியில் நிற்க நேரும். மூடியைத் திறந்து உதைத்துப் பார்க்க. எழாதாயின் பிளக்கைச் சோதிக்க. பின் பெட்ரோல் வரத்து, பின் அமுக்கம். ஒவ்வொன்றற்கும் ஒரு நிமிடத்திற்கு மேல் செல்லாது.

2020 ஏப்ரல் முதல் நாளில் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின் வெளிவரும் புல்லட் வண்டிகளில் கார்புரேட்டரும் இல்லை, பிளாட்டினம் பாயிண்டும் இல்லை. மின்சாரப் பம்பு ஒன்று டேங்கினுள்ளே பெட்ரோலில் மூழ்கி நின்று அதனைத் தள்ளுகின்றது. எஞ்சின் சுழலும் நிலையைச் சிறிய உணர்கருவி ஒன்று அறிந்து சொல்கின்றது. ஆயினும் நோய் அறவே போகவில்லை. அவ்வுணர்கருவியின் கம்பிச்சுருள் சூட்டில் விலகினால் பழைய காயில் போலவே வண்டி ஒரு நொடியில் அணையும். பம்பு தன்னைச் சூழ்ந்த பெட்ரோலாலேயே குளிர்வதாதலின், டேங்கை எப்பொழுதும் வற்றவிட்டு ஓட்டுவோரின் பம்பு விரைவில் காய்ந்து கெடும். முகப்பில் எரியும் மஞ்சள் விளக்கு எங்கே தேடுவது என்பதை ஓரளவு சுட்டுமாயினும், நின்ற முறையை உடையவன் சொன்னாலன்றிப் பட்டறைக்காரர் சூடாறிய வண்டியில் காண்பது சிறிதே.

பால் வியாபாரப் பெரியவரின் வண்டியில் இன்று பெட்டிக்குள் ஒரு புதுப் பிளக்கும், ஒரு கண்டன்சரும், ஒரு குண்டூசியும், நாற்பது பக்க நோட்டு ஒன்றும் உள்ளன. நோட்டின் முதற் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், டேங்கு, நின்ற விதம் என நான்கு கோடுகள் கிழித்திருக்கின்றார். சென்ற விடுமுறையில் யான் பார்த்தபொழுது அதில் மூன்றே வரிகள் எழுதப்பட்டிருந்தன. மூன்றாவது, பாட்டரிக் கம்பி தளர்ந்தது என்று அவரே கண்டு தீர்த்தது.